ஐம்பத்தாறு கட்ட ஓய்வு

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டு, இரண்டு, மூன்று, நாலு. மூன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்படித்தான் எண்ண வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு. முதல் தட்டில் இது எத்தனையாவது கட்டம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மீதி மூன்றையும் வழக்கம்போல ஓட்டிவிட வேண்டும். நாலு, இரண்டு, மூன்று, நாலு. ஐம்பத்தாறு கட்டம் நான் செல்லோ வில்லை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், சுற்றிலும் இருபத்திரண்டு பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பத்தேழாவது கட்டத்தின் முதல் தட்டில் அத்தனை பேரும் நிறுத்துவார்கள், நான் ஒருத்தன் மட்டும் தொடங்க வேண்டும். எட்டுக் கட்டம், கால் நடுவில் நிறுத்தி வாசிக்கிற என் செல்லோ தனியாக. எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற டைட்டஸ்தான் இதை எழுதியவன். நாலு நிமிஷம் ஒரு மனுஷனைச் சும்மா உட்கார வைத்துவிட்டு அப்புறம் நடுத்தெருவில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ. ஆறு, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து எங்கே போனது? ஐந்தை எண்ணினேன், டைட்டஸைத் திட்டும்போதே எண்ணினேன், தட்டு காலில் இருக்கிறது, ஷூவுக்குள் கட்டைவிரல் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. ஏழு, இரண்டு, மூன்று, நாலு. வேப்பேரி பள்ளிக்கூட ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை, மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டார்கள், சுற்றினால் நோட்டுத்தாள் பறக்கும். ஆளுக்கு இரண்டு துணி கிளிப் போட்டுத் தாளைப் பிடித்திருக்கிறோம், என்னுடையது ஒன்று பச்சை, ஒன்று ரோஸ், இரண்டும் வீட்டு மொட்டைமாடிக் கொடியிலிருந்து எடுத்தவை. வேர்வை முதுகில் வழிகிறது. எட்டு, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது வரிசை ஓரத்தில் நவோமி உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்தாறு வருஷமாக என் கச்சேரிக்கெல்லாம் அந்த ஓர நாற்காலிதான், சரியில்லை என்றால் எழுந்து வெளியே போக வசதி என்பாள். ஒரு தடவைகூட எழுந்து போனதில்லை.

பத்து, இரண்டு, மூன்று, நாலு. ஒன்பதும் போயிற்று, சரி. இன்றைக்குத் தாளம் தப்பினால் இனிமேல் கிடையாது, செல்லோவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுவேன் என்று காலையில் நவோமியிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணெடுக்காமல், "ஜிப்பு போன வருஷமே போயிடுச்சு, முதல்ல அதைத் தைக்கக் குடுங்க" என்றாள். அவளுக்கு விளையாட்டு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேற்று கடைசி ரிகர்சலில் ஒரு கட்டம் முன்னாலேயே நுழைந்துவிட்டேன். அறுபத்தொரு வயதில், நாற்பது வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி ஒரு கட்டம் முன்னால். எல்லாரும் வாசித்துக்கொண்டிருக்கிற நடுவில் என் செல்லோ கிளம்பி ஒரு ஊளையிட்டது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. பன்னிரண்டு, இரண்டு, மூன்று, நாலு. குழுவை நடத்திக்கொண்டிருந்த பியூலா தாளக் குச்சியைத் தாழ்த்தி, "பரவால்ல சார், நாளைக்கு வந்துடும்" என்றாள். என்னைப் பார்த்து இப்படிச் சொல்கிற நிலைமை. பத்தொன்பது வருஷம் இந்தக் குழுவை நான் நடத்தினேன், ஆகஸ்டு வரைக்கும் நான்தான் அந்தக் குச்சியைப் பிடித்திருந்தேன், அவள் இரண்டாம் வயலினில் முதல் நாற்காலி, வாரநாளில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். இப்போது அவள் நிற்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். அதுகூடப் போகட்டும். இன்றைக்கு வந்து பார்த்தால் நாற்காலிகளை எல்லாம் இடம் மாற்றிப் போட்டிருக்கிறாள். நேற்று வரை பழைய இடம், என்னுடைய இடம், பத்தொன்பது வருஷமாக நான் போட்டுவைத்த வரிசை, ஒரே ராத்திரியில் எல்லாம் தலைகீழ். இரண்டாம் வயலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது, வயோலா உள்ளே வந்துவிட்டது, செல்லோவைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாயிற்று. வயோலா வாசிக்கிற கோகுல், ஐ.டி. கம்பெனிப் பையன், வாய் சும்மா இருக்காது, "மேடம், கடைசி நேரத்துல ஏன் மேடம் இதெல்லாம்?" என்று கேட்டான். "இந்த மேடைக்கு இப்படி உக்காந்தாதான் சவுண்டு நல்லாருக்கும்" என்றாள். புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் முதலில் மேஜையைத்தான் நகர்த்துவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வயிறு எரிந்தது. பதினாறு, இரண்டு, மூன்று, நாலு.

பதினேழு, இரண்டு, மூன்று, நாலு. அந்தக் காலத்து ரெக்கார்டிங் தியேட்டரில் இப்படித்தான் எண்ணிக்கொண்டே இருப்போம், காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் ஒன்று வரை. பாட்டு என்ன பாட்டு, படம் என்ன படம் எதுவும் தெரியாது, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை கட்டம் ஓய்வு, எங்கே நுழைவது என்பதுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சைக்கூடப் பார்த்து விட வேண்டும். ஒருத்தன் தப்பினால் அறுபது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சேர்ந்த மூன்றாம் நாள் நான் ஒரு கட்டம் முன்னால் நுழைந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில், "யாருய்யா அது செல்லோவுல?" என்று குரல் வந்தது. பக்கத்து நாற்காலி சேவியர் அண்ணன் நிதானமாகக் கையைத் தூக்கினார். "நான்தான் சார், சாரி." அவர் இருபது வருஷ ஆள், அவரை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். டீ குடிக்கப் போகும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன், "எண்ணுடா, ஒழுங்கா எண்ணு" என்று மட்டும் சொன்னார். நானும் ஒருநாள் யாருக்காவது அப்படிக் கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு, இரண்டு, மூன்று, நாலு. செய்ததென்னவோ நேர்மாறு.

இருபத்திமூன்று, இரண்டு, மூன்று, நாலு. ஏப்ரல் மாதம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. வலது காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை, லைன் செத்துப்போச்சு என்று வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது, திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை தற்செயலாக இடது காதில் வைத்தேன், என் தம்பி அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தான். லைன் சாகவில்லை. காதுதான். அழுக்கு அடைத்திருக்கும் என்று தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றிக்கொண்டு மூன்று வாரம் சுற்றினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எண்ணெய் ஊத்துன நேரத்துல இங்க வந்திருக்கலாமே சார், இதெல்லாம் ரெண்டு மூணு நாளுக்குள்ள பாத்திருக்கணும்" என்றார். போன காது திரும்ப வராது என்பதை அவர் தன்மையாகத்தான் சொன்னார். நவோமியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? சனிக்கிழமை வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், விரலை நம்பாதே, காதை நம்பு, விரல் பொய் சொல்லும், காது சொல்லாது என்று. அதன் பிறகு பிள்ளைகளை எல்லாம் என் இடப்பக்கமாகவே உட்கார வைத்தேன், சாருக்கு ஏதோ புது ஒழுங்கு என்று அதுகளும் உட்கார்ந்துகொண்டன. வகுப்பு எப்படியோ ஓடியது. நடத்துவதுதான் ஓடவில்லை. ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே போய்விடும் என்று தெரியாது. வலப்பக்கம் கதவைத் தட்டினால் இடப்பக்கம் திரும்புவேன். எனக்கு உலகத்தில் எல்லாமே இடப்பக்கத்திலிருந்துதான் வந்தது. இருபத்தொன்பது, இரண்டு, மூன்று, நாலு. பயமாக இருந்தது. குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது.

முப்பது, இரண்டு, மூன்று, நாலு. ஜூலை மாதம் ரிகர்சல், வேறொரு உருப்படி, எழுபத்தொன்றாவது கட்டம். அதை நினைக்காமல் எண்ண முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. முப்பத்தொன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒரு தப்புச் சுரம் கேட்டது. கீழ்த் தந்தியில், அரைச் சுரம் தாழ்வாக, கரகரவென்று. நிறுத்தினேன். இடப்பக்கம் திரும்பி, "பியூலா, அங்க பாரு" என்றேன். மறுபடி வாசித்தோம், மறுபடி அதே தப்பு, மறுபடி நிறுத்தி, "என்னம்மா, நோட்டு தெரியலியா, கண்ணு தெரியலியா?" என்றேன். மூன்றாவது தடவை அந்த இடம் வரும்போது அவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். வில் மடியில் இருக்கிறது, பார்த்தேன், பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை, தப்பு இடப்பக்கத்திலிருந்துதான் வந்தது என்று என் ஒற்றைக்காது அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. "கெமிஸ்ட்ரி லேப்புல நீ இப்படிப் பண்ணியிருந்தா இந்நேரம் கட்டிடமே வெடிச்சிருக்கும்" என்றேன். இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். வலக்கோடியில் வயோலா வரிசையில் கோகுல் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பியூலா பென்சிலை எடுத்துத் தன் தாளில் என்னவோ குறித்துக்கொண்டு, "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய், எல்லா வாத்தியத்தின் நோட்டும் சேர்ந்திருக்கிற ஸ்கோரைப் பிரித்தேன். முப்பத்தைந்து, இரண்டு, மூன்று, நாலு. எழுபத்தொன்றில் இரண்டாம் வயலினுக்கு ஓய்வு. எழுபதிலும் ஓய்வு, எழுபத்திரண்டிலும் ஓய்வு. அவர்கள் வாசிக்கவே இல்லை. வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை மூன்று தடவை, இருபது பேர் முன்னால், தப்பாக வாசிக்கிறாய் என்று கேவலப்படுத்தியிருக்கிறேன். எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத காரியம். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஸ்கோரைக் கையில் வைத்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. மறுவாரம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் காதைச் சொல்ல வேண்டும். முதுகு வலி, இனிமேல் நிற்க முடியாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதா? இரண்டு, மூன்று, நாலு. செப்டம்பரில் அவளே வீடு தேடி வந்தாள். நான் கூடத்துச் சோபாவில் இருந்தேன், வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஏதோ சொல்லியிருக்கிறாள், நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம், நவோமி பிற்பாடு சொன்னாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் எழுந்து, "இங்க காத்து வரல ஆன்ட்டி" என்று நவோமியிடம் சொல்லிவிட்டு இடப்பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். மின்விசிறி நடுக்கூடத்தில் இருக்கிறது, எங்கே உட்கார்ந்தாலும் ஒரே காற்றுதான். "டைட்டஸ் அண்ணன் புதுசா ஒண்ணு எழுதியிருக்காங்க சார். செல்லோ சோலோ வருது. நீங்கதான் வாசிக்கணும்." "முதுகு வலிம்மா." "உக்காந்துதானே சார் வாசிக்கப் போறீங்க." "வேற ஆளா இல்ல?" "இருக்காங்க. நான் உங்ககிட்டதான் கேக்கறேன்." நான் பேச்சை மாற்றினேன், அவள் மாற்றவில்லை, இரண்டு முறுக்கைத் தின்று முடிக்கிற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். போகும்போது தாளை முக்காலியில் வைத்துவிட்டுப் போனாள். ஜூலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்திமூன்று. இல்லை. நாற்பத்திரண்டா, நாற்பத்திமூன்றா? முக்காலியில் அவள் உட்கார்ந்தபோது நான் எண்ணவில்லை. காலைப் பார்க்கிறேன், கட்டைவிரல் நின்றுபோயிருக்கிறது. ஐயோ.

எண்ணிக்கை போய்விட்டது. சாமி, போய்விட்டது. நாற்பத்தைந்தாக இருக்கலாம், நாற்பத்தெட்டாக இருக்கலாம். நேற்றும் இப்படித்தான் போனது, நேற்று நான் குத்துமதிப்பாக நுழைந்தேன், ஏனென்றால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று எனக்குப் பிரிந்து கேட்கவில்லை, எல்லாம் ஒரே கூழாக ஓடிக்கொண்டிருந்தது. வயோலா மேலே ஏறுகிற இடம் நாற்பத்தெட்டு, அதைக் கேட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று டைட்டஸ் சொல்லியிருந்தான், எனக்கு வயோலாவும் கேட்கவில்லை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது வயோலா ஏறுகிறது. ஏறுகிறது! ஒவ்வொரு படியாக, கோகுலின் வில் தந்தியை உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அதற்கு அப்பால் இரண்டாம் வயலின் கீழே இறங்கி வருகிறது, அதுவும் தனியாகக் கேட்கிறது. ஏப்ரலுக்கு அப்புறம் இவ்வளவு பிரித்து நான் எதையும் கேட்டதில்லை. கச்சேரித் தொடக்கத்தில் முதல் உருப்படியை எல்லாரோடும் சேர்ந்து வாசித்தபோதே கை சுலபமாக ஓடியது, நல்ல ஹால் என்று நினைத்துக்கொண்டேன். ஹால் இல்லை. நாற்பத்தொன்பது, இரண்டு, மூன்று, நாலு. நேற்று வரை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் குழுவில் பாதி என் செத்த காதுப் பக்கம் இருந்தது. இன்றைக்கு அந்தக் காதுக்கு வாத்தியக் குழுவில் வேலையே இல்லை, அது ஜனங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. இடது காதுப் பக்கம் வயோலா, அதற்கு அப்பால் இரண்டாம் வயலின், எல்லாம் நேராக வந்து இறங்குகிறது. ஐம்பது, இரண்டு, மூன்று, நாலு. மேடைக்காக மாற்றினாளாம். சவுண்டுக்காக மாற்றினாளாம். நடுக்கூடத்து மின்விசிறியில் காற்று வரவில்லை என்று எழுந்துபோனவள் அல்லவா. நேற்று நான் ஊளையிட்டதைப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு பேர் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, எனக்காக முழு மேடையையும் திருப்பிப் போட்டிருக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. சேவியர் அண்ணன் கையைத் தூக்கினாரே, அந்தக் கை. என் கண் நிறைந்துவிட்டது, தாள் கலங்கித் தெரிகிறது, இந்த நேரத்தில் இது வேறு. ஐம்பத்திரண்டு, இரண்டு, மூன்று, நாலு.

தாளில் ஐம்பத்தேழுக்கு மேலே பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கிறது. வாத்தியக்காரர்கள் எல்லாரும் வரைவோம். இந்த இடத்தில் தாளைப் பார்க்காதே, நடத்துகிறவரைப் பார் என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக நான் எல்லார் தாளிலும் வரைந்து கொடுத்தது. செப்டம்பரில் இதைப் பார்த்தபோது எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று கோபம் வந்தது, அழிக்க ரப்பர்கூட எடுத்தேன், நல்ல வேளை அழிக்கவில்லை. ஐம்பத்திமூன்று, இரண்டு, மூன்று, நாலு. நிமிர்ந்தேன். பியூலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. வலது கை குச்சியால் எல்லாருக்கும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, இடது கை வயிற்றோடு ஒட்டி, ஜனங்களுக்குத் தெரியாமல், எனக்கு மட்டும் மூன்று விரல் காட்டுகிறது. இன்னும் மூன்று கட்டம். நான் எண்ணியதும் அதுதான். இரண்டு விரல். வில்லை எடுத்தேன், செல்லோவின் முதுகு என் மார்பெலும்பில் சாய்ந்தது, முறுக்காணி இடது காதின் ஓரத்தில் வந்து நின்றது, அது எப்போதும் நிற்கிற இடம்தான், நாற்பது வருஷமாக இந்தக் காதில்தான் இது பேசியிருக்கிறது. ஒரு விரல். அவள் மூச்சை இழுத்தாள், நானும் இழுத்தேன். எல்லாரும் வாசிப்பை நிறுத்தினார்கள்.

நுழைந்துவிட்டேன். சரியாக, நூல் பிடித்த மாதிரி முதல் தட்டில். கீழ்த் தந்தியில் நீளமாக ஒரு சுரம், அது மார்பெலும்பில் அதிர்ந்து, பல்லில் அதிர்ந்து, காதுக்குப் பிறகுதான் வந்தது. சுத்தமாக இருந்தது. இரண்டாவது கட்டத்திலேயே பியூலா குச்சியைத் தாழ்த்திவிட்டாள். தாளம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என்னை என் போக்கில் விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நான் என் இஷ்டத்துக்கு மூன்றாவது கட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன், ஐந்தாவதில் கொஞ்சம் விரட்டினேன், ஏழாவதில் நான்காம் விரலை நீட்டிப் பிடிக்கிற அந்தக் கஷ்டமான சுரம் வந்தது, விரலும் பொய் சொல்லவில்லை, காதும் பொய் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஏப்ரலிலிருந்து மறந்துபோயிருந்த சந்தோஷம். எட்டாவது கட்டத்தின் கடைசித் தட்டு வரைக்கும் வில்லை மிச்சம் வைத்து இழுத்தேன், பியூலா குச்சியைத் தூக்கினாள், எல்லாரும் திரும்ப நுழைந்தார்கள். எனக்கு மறுபடியும் ஓய்வு, பதினொரு கட்டம். ஓர நாற்காலியில் நவோமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வேர்வை என்பாள். இடைவேளையில் எல்லாரையும் பின்னறையில் நிற்க வைத்துச் சொல்லிவிட வேண்டும், எழுபத்தொன்றைச் சொல்ல வேண்டும், காதைச் சொல்ல வேண்டும், பாவம் கோகுல், அவனும் நாலு மாதமாக அதைச் சுமந்துகொண்டிருப்பான், அவனிடமும் பேச வேண்டும். ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. வில்லை மடியில் வைத்தேன், ஜூலையில் அவள் வைத்த மாதிரியே நன்றாகத் தெரியும்படி வைத்தேன். பியூலா பார்த்தாள். ஆள்காட்டி விரலால் என் வலது காதைத் தொட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில், மேடையில், விளக்கு வெளிச்சத்தில். அவள் கை தாளத்தை விடவில்லை. ஏப்ரலிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அதனால் அவள் சத்தமில்லாமல் சொன்னது தெளிவாகத் தெரிந்தது.

"தெரியும் சார். எண்ணுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.